ராத்திரிக்குச் சோறா, சப்பாத்தியா, சாமையா?

உடம்பைக் குறைக்கிறேன் என்று ஒருவர் சொன்னதும் நம் வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது ராத்திரிச் சோறுதான். அந்த இடத்தில் சப்பாத்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்போது அதற்கும் போட்டியாகச் சாமை, வரகு, தினை.

சமைக்காமல் 100 கிராம் எடை போட்டுப் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். அரிசியில் 350 கலோரியை ஒட்டி, மற்றவற்றில் 320 முதல் 350 வரை. நார்ச்சத்தில்தான் வித்தியாசம். தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இருக்காது. சலிக்காத கோதுமை மாவில் 11 கிராம் வரை உண்டு. அதனால் சீக்கிரம் பசிக்காது.

என்னைக் கேட்டால் சப்பாத்தியின் பெரிய பலம் நாரில்கூட இல்லை, அதை எண்ண முடிகிறது என்பதில்தான். 30 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தி சுமார் 100 கலோரி. மூன்று தின்றால் மூன்று. சோற்றை யார் எண்ணுகிறார்கள்? சாம்பாருக்கு இரண்டு கரண்டி, ரசத்துக்கு ஒன்று, மோருக்குக் 'கொஞ்சூண்டு'. வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரிதான், ஆனால் தட்டில் 300 கிராம் ஏறியது தெரியவே தெரியாது.

சப்பாத்தி தோற்பது கல்லில். திருப்பிப் போடும்போது இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் 40 கலோரி கூடும். மூன்றுக்கும் விட்டால், தட்டில் இல்லாத நாலாவது சப்பாத்தியையும் தின்றாயிற்று. அப்புறம் தேங்காய் அரைத்துவிட்ட உருளைக்கிழங்குக் குருமா. எங்கள் வீட்டில் ஒரு மாதம் இப்படித்தான் 'டயட்' நடந்தது. பெல்ட்டில் ஒரு ஓட்டைகூட உள்ளே போகவில்லை.

சாமை நல்லதுதான், அரிசியைவிட நார் அதிகம். ஆனால் வெள்ளை வெளேரென்று தீட்டியதை வாங்கினால் அந்த நார் தவிட்டோடு போய்விடும். அதை நெய்யும் முந்திரியும் போட்டுப் பொங்கலாக்கிவிட்டு, 'சிறுதானியம்தானே' என்று இரண்டாம் முறை போட்டுக்கொள்பவர்களையும் பார்க்கிறேன். இட்லியா? அதையும் எண்ணலாம். பொடிக்கு ஊற்றும் நல்லெண்ணெயை மட்டும் யாரும் எண்ணுவதில்லை.

நான் சோற்றுக்கே திரும்பிவிட்டேன். பெரிய கரண்டி இப்போது சாப்பிடும் இடத்துக்கு வருவதில்லை. சின்னக் கிண்ணத்தில் ஒரு அளவு சோறு, அதைவிட அதிகமாகக் கீரையோ அவரைக்காய்ப் பொரியலோ, கடைசியில் மோரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். சப்பாத்தி ஞாயிற்றுக்கிழமை மட்டும், எண்ணெய் விடாமல் தணலில் வாட்டி, பாசிப்பருப்புக் கடைசலோடு.