நாய்க்கு மூட்டு வாதம்: ரொம்ப நாள் யூஸ் பண்ணதுல எது கைகொடுத்துச்சு

எங்க ஜூலி லாப்ரடார், பத்து வயசு தாண்டியாச்சு, இடுப்பு மூட்டு ரெண்டுலயும் ஆர்த்ரைட்டிஸ். மாத்திரை, ஊசி, மேட், எண்ணெய்னு சில வருஷமா தொடர்ந்து கொடுத்துப் பாத்ததுல என் அனுபவம் இது.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, மூட்டு வலிக்கு நாய் பெரும்பாலும் கத்தாது. எந்திரிக்கும்போது பாருங்க, முன்னங்கால ஊனி உடம்ப முன்னாடி இழுத்துட்டு அப்புறம்தான் பின்பக்கத்த தூக்கும், முதல் நாலு எட்டு வெறப்பா வச்சுட்டு கொஞ்ச நேரத்துல நல்லாவே நடக்க ஆரம்பிச்சிடும், அதனாலதான் வீட்ல யாரும் கண்டுக்கிறதில்ல. ஓடும்போது ரெண்டு பின்னங்காலயும் சேத்து வச்சு குதிக்கிறது, நகம் தரையில உரசுற சத்தம், ஒரே மூட்ட நக்கிட்டே கெடக்குறது, இடுப்புல கை வச்சா சட்டுனு திரும்பிப் பாக்குறது, இதெல்லாம் வலிதான், வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க ப்ளீஸ். இன்னொன்னு, கிளினிக்ல பதட்டத்துல ஒண்ணுமே இல்லாத மாதிரி நடந்து காட்டிடும், வீட்ல எந்திரிக்கிறத வீடியோ எடுத்துட்டுப் போய் காட்டுங்க.

எனக்கு நம்பர் ஒன் எதுன்னு கேட்டா, வெயிட் குறைச்சதுதான். லாப்ரடார்கள வச்சே பண்ண ஒரு பெரிய ஆய்வு 2002ல வெளிவந்துச்சு, 48 குட்டிங்கள ஜோடி ஜோடியா பிரிச்சு அதுல ஒண்ணுக்கு மட்டும் 25 சதவீதம் கம்மியா சாப்பாடு போட்டு வளத்தாங்க, கம்மியா சாப்ட்டதுங்க கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கூடுதலா உயிரோட இருந்துச்சு, மூட்டு வாதத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் ரொம்ப லேட்டாதான். ஜூலிக்கும் விலா எலும்பு கைக்கு லேசா தட்டுப்படுற அளவுக்கு எளைச்சதும் நடையே மாறிடுச்சு. அது பாக்குற பார்வைய தாங்கிட்டு கூடுதலா ஒரு பிஸ்கட் போடாம இருக்குறதுதான் கஷ்டம்.

மாத்திரைன்னா கார்ப்ரோஃபென், வலிக்கு நல்லாவே கேக்குது. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியும், அப்புறம் அப்பப்பவும், கிட்னி லிவர் ரத்த டெஸ்ட் எடுத்துடணும், வாந்தி, கருப்பா மலம், சாப்பிடாம இருக்குறதுன்னு எது வந்தாலும் உடனே நிறுத்திட்டு டாக்டருக்கு போன் போடணும், ஸ்டீராய்டோட சேத்து கொடுக்கவே கூடாது. மனுஷங்க போடுற ஐபுப்ரோஃபென் நாய்க்கு விஷம், வயித்துல புண்ணு, கிட்னி ஃபெயிலியர் வரைக்கும் கொண்டு போயிடும், பாதி மாத்திரைதானேன்னு கூட கொடுத்துடாதீங்க.

மூட்டு வலிக்குன்னு மாசம் ஒரு தடவ போடுற பெடின்வெட்மாப் ஊசிக்கு பிறகு மாத்திரை தேவைப்படல, ஜூலிக்கு ஒத்துக்கிச்சு. ஆனா சில நாய்ங்களுக்கு தள்ளாட்டம், வலிப்பு வந்ததா ரிப்போர்ட் ஆகி, அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 கடைசில டாக்டர்களுக்கு எச்சரிக்கையே விட்டுச்சு, அதனால டாக்டர்கிட்ட இத வாய்விட்டு கேட்டுட்டு போடுங்க.

மூட்டுக்கு நல்லதுன்னு விக்கிற குளுக்கோசமைன் சப்ளிமென்ட் பத்தி கேப்பீங்க. பாட்டில் பாட்டிலா கொடுத்தும் எனக்கு வித்தியாசமே தெரியல, ஆய்வுகள்லயும் பெருசா ஆதாரம் இல்ல. ஒமேகா 3 மீன் எண்ணெய் அதவிட பரவால்ல, அளவு மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, அதிகமானா வயித்தால போகும்.

காசு கம்மியா ஆகி பலன் அதிகமா கொடுத்தது ரப்பர் மேட். வழவழ தரையில கால் வழுக்கி வழுக்கி பயந்தே எந்திரிக்காம கெடந்தது, படுக்குற எடத்துலேர்ந்து தண்ணி வைக்கிற எடம் வரைக்கும் இடைவெளி விடாம விரிச்சதும் தானா நடமாட ஆரம்பிச்சுது. கூடவே பாதத்துக்கு நடுவுல வளர்ற முடிய வெட்டி விடுங்க, நகத்தயும்தான், ரெண்டும் வளந்தா மேட் மேலயே பிடிமானம் கிடைக்காது.

வாக்கிங் நிறுத்தவே கூடாது, நிறுத்துனா தசை கரைஞ்சு மூட்டுக்குதான் பாரம் கூடும். நீளமா ஒரே நடை வேணாம், சின்ன சின்னதா தினமும் ஒரே அளவுல போங்க, பந்து தூக்கிப் போட்டு விளையாடுறத மட்டும் நாங்க விட்டுட்டோம், பாஞ்சு ஓடி சடார்னு திரும்புறதுலதான் மறுநாள் வலி கூடுது.