மூன்றாம் மாடி மலிவாகக் கிடைக்கிறதா? பிளானை விரித்துப் பாருங்கள்

சென்னைப் புறநகரில் ஒரு கிரவுண்டு மனையில் எழும்பும் சின்ன அபார்ட்மெண்டுகளில் திரும்பத் திரும்ப நடக்கும் ஏமாற்று இது. அனுமதி வாங்குவது ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் நிற்கும், கார் நிறுத்தும் தரைத்தளம்) + 2 மாடிக்கு, நான்கு வீடுகளுக்கு. கட்டுவது மூன்று மாடி, ஆறு வீடு. மேலே உள்ள இரண்டும் கொஞ்சம் விலை குறைத்து விற்கப்படும். வாங்குகிறவர் கையில் பத்திரம், வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் இருக்கும். அந்த மாடி மட்டும் அரசு அனுமதித்த பிளானில் இருக்காது.

கீழ் வீட்டுக்காரர்களும் இதில் தப்புவதில்லை. 2,400 சதுர அடி மனையை நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 600 சதுர அடி யுடிஎஸ் (மனையில் பிரிக்கப்படாத பங்கு). ஆறாகப் பிரித்தால் 400. முதலில் புக் செய்தவரிடம் 600 என்று பேசிவிட்டு, பத்திரத்தில் 400 எழுதுவார்கள். அல்லது நான்கு பேருக்கும் 600 எழுதிவிட்டு, மேல்மாடிக்காரருக்கு இல்லாத நிலத்தை எழுதுவார்கள். மனையின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, விற்ற யுடிஎஸ் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். 2,400-ஐத் தாண்டினால் எழுந்து வந்துவிடலாம்.

கேட்டால் வரும் பதில்கள் மனப்பாடமானவை. “ரிஜிஸ்டர் ஆயிடுச்சே சார்” என்பார்கள். பதிவாவது விற்பனைதான், கட்டடம் பிளான்படி நிற்கிறதா என்று சார்பதிவாளர் டேப் பிடித்துப் பார்ப்பதில்லை. சொத்து வரியும் அப்படியே. விதிமீறிய கட்டடத்துக்கும் வரி போடுவார்கள், அதனால் அது அனுமதி ஆகிவிடாது. “அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்” என்பதுதான் பெரிய புளுகு. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவில் வந்த வரன்முறைத் திட்டம் 2007 ஜூலை 1-க்கு முன் கட்டி முடித்தவற்றுக்கு மட்டும். இப்போது சென்டரிங் பிரிக்கும் மாடிக்கு அந்தக் கதவு கிடையாது. உள்ளது 56, 57 பிரிவுகளின் கீழ் நோட்டீஸ், பூட்டு, சீல்.

“எங்க பில்டிங்குக்கு கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டே தேவையில்லை” என்பது பாதி உண்மை என்பதால் ஆபத்து அதிகம். உயரம், பரப்பு, வீடுகளின் எண்ணிக்கை வரம்புக்குள் உள்ள சிறு குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்றிதழில் விலக்கு உண்டு. விலக்கு சான்றிதழுக்குத்தான், பிளானுக்கு அல்ல. விலக்கு இருப்பதால் கட்டி முடித்ததும் அதிகாரி வந்து அளப்பதும் இல்லை. அந்த வேலை வாங்குகிறவர் தலையில் விழுகிறது. 2024-இல் வந்த சுயசான்று முறையையும் (உரிமையாளரே உறுதி அளித்து அனுமதி பெறுவது) இப்படியே வளைக்கிறார்கள். அது 2,500 சதுர அடி வரையான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் + முதல் மாடி வீட்டுக்கு. அந்தக் காகிதத்தைக் காட்டி இரண்டாம் மாடி ஃபிளாட் விற்றால் என்ன அர்த்தம்?

முத்திரையுள்ள பிளான் நகலைத்தான் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் பிரவுச்சர் படம் எதற்கும் உதவாது. தர மறுத்தால் அனுமதி எண்ணைக் குறிப்பிட்டு, அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடலாம். பதிலுக்குக் கெடு 30 நாள். நகல் கிடைத்ததும் மூன்று விஷயம்: எத்தனை தளம், எத்தனை வீடு, மொட்டை மாடியில் என்ன வரைந்திருக்கிறது. படிக்கட்டு அறையும் தண்ணீர்த் தொட்டியும் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் ‘பென்ட்ஹவுஸ்’ நின்றால் கதை முடிந்தது.

அப்புறம் இடத்துக்குப் போய் ஈபி போர்டில் மீட்டர்களை எண்ணுங்கள். பொது மீட்டரைக் கழித்தால் பிளானில் உள்ள வீடுகளின் எண்ணிக்கை வர வேண்டும். ஸ்டில்ட்டில் கார் நிறுத்தம் ஒன்றுக்கு 2.5 × 5 மீட்டர். பிளானில் நான்கு கட்டம் இருந்து, தரையில் இரண்டுதான் மிஞ்சுகிறது என்றால் மீதி எங்கே? பெரும்பாலும் தூண்களுக்கு நடுவே செங்கல் வைத்து அடைத்து, ஒரு சிங்கிள் பெட்ரூமாக வாடகைக்கு விட்டிருப்பார்கள். தூணும் சுவரும் சேரும் இடத்தில் பூச்சில் நேர்க்கோடாக வெடிப்பு ஓடும்; பின்னால் வைத்த சுவருக்கு அது அடையாளம். மதிலிலிருந்து சுவர் வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து, பிளானில் உள்ள செட்பேக்கோடு (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலியிடம்) ஒப்பிடுங்கள். சன்ஷேடு போட வேண்டிய இடத்தில் பாத்ரூமையே நீட்டியிருப்பார்கள்.

இது காகிதப் பிரச்சினை மட்டுமல்ல. அஸ்திவார ஃபுட்டிங்கும் தூணும் இரண்டு மாடிக்குக் கணக்குப் போட்டவை. சுவரில்லாத ஸ்டில்ட் தளம் ஏற்கெனவே பலவீனமானது. 2001 பூஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் சரிந்தவற்றில் இப்படித் தூண்மேல் நின்ற அபார்ட்மெண்டுகள் நிறைய. அதன் தலையில் கூடுதல் மாடி ஏற்றுவது தெரிந்தே செய்யும் தவறு.

அரசு வங்கியின் வேல்யூவர் (மதிப்பீட்டாளர்) ‘டீவியேஷன்’, அதாவது பிளானிலிருந்து விலகல், என்று எழுதினால் கடன் நிற்கும். உடனே பில்டர் “வேற பைனான்ஸ் இருக்கு” என்று அதிக வட்டி நிறுவனத்துக்கு அழைத்துப் போவார். நிறைவுச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே கடன் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 தீர்ப்பில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதனால் பின்னால் விற்கும்போது, உங்களிடம் வாங்க வருகிறவருக்கும் கடன் கிடைப்பது சிக்கலாகும்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். 500 சதுர மீட்டருக்குள் நிலம், அல்லது எட்டு வீட்டுக்குள் என்றால் பதிவு தேவையில்லை. ஒரு கிரவுண்டு சுமார் 223 சதுர மீட்டர்தான். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 50 லட்சம் வரை கொடுத்திருந்தால் மாவட்ட ஆணையம், காலக்கெடு இரண்டு ஆண்டு. இன்னும் அட்வான்ஸ் தராதவர்கள், அனுமதி எண், தளங்கள், வீடுகளின் எண்ணிக்கை, மாறியிருந்தால் முழுப் பணமும் வட்டியோடு திரும்பும் என்ற வரி ஆகியவை ஒப்பந்தத்தில் ஏறிய பிறகு செக் எழுதுங்கள். அந்த வரியை எழுத பில்டர் முரண்டு பிடித்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.