அப்பாவின் ஸ்பீச் தெரபியும் கட்டிலுக்கு மேல் ஒட்டிய காகிதமும்

நண்பரின் அம்மாவுக்கு ஸ்ட்ரோக். 'ஸ்பீச் தெரபி எழுதியிருக்கிறார்கள், அவசியமா?' என்று நேற்றிரவு கேட்டார். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்கு மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. ஐந்து வாரம் வார்டில் இருந்தார், அப்புறம் ஆறு மாதம் வெளிநோயாளியாகப் போய் வந்தோம்.

பெயரைக் கேட்டதும் பேச வைக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, முதலில் உயிர் பிழைக்கட்டும், பேச்சை அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டோம். வந்த தெரபிஸ்ட் முதலில் பார்த்ததே விழுங்குவதை. அப்பாவுக்கு இருமல் வரவில்லை, ஆகவே நன்றாகத்தான் விழுங்குகிறார் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருக்க, எக்ஸ்ரே வீடியோவில், படத்தில் தெரிவதற்காகப் பேரியம் கலந்த தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது தெரிந்தது. தொண்டையில் உணர்ச்சி மங்கிவிட்டால் புரையேறினாலும் இருமல் வராதாம். சத்தமே இல்லாமல் உள்ளே போய் நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும். இதை யாரும் எங்களுக்கு முன்னால் சொல்லியிருக்கவில்லை.

அன்றிலிருந்து அப்பாவுக்குக் கெட்டித் தண்ணீர்தான், அதாவது மெதுவாக இறங்கும்படி பொடி கலந்து கெட்டியாக்கிய தண்ணீர். எவ்வளவு கெட்டி என்பதற்கு அளவு உண்டு. 10 மில்லி சிரிஞ்சில் தள்ளுகோலை எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மில்லி கோடு வரை ஊற்றி, விரலை எடுத்து 10 விநாடி ஒழுக விட வேண்டும். உள்ளே 4 முதல் 8 மில்லி மிஞ்சினால் இரண்டாம் நிலை, அப்பாவுக்கு அதுதான். தெரபிஸ்ட் கட்டிலருகே நின்று எங்களையே செய்ய வைத்தார். பிறகு 'இரண்டாம் நிலை, நிமிர்த்தி உட்கார வைத்துச் சின்னக் கரண்டியால் மட்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டினார்.

என் எரிச்சல் முழுக்க அந்தக் காகிதத்தைப் பற்றியதுதான். ஷிப்ட் மாறினால் அதை யாரும் படிப்பதில்லை. ஒரு நாள் இரவு மாத்திரையோடு சாதாத் தண்ணீர் டம்ளர் வந்தது, நான் எழுந்து பிடுங்காவிட்டால் அப்பா குடித்திருப்பார். இன்னொரு நாள் கரண்டி செங்குத்தாக நிற்கிற அளவுக்குக் கெட்டி. அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார், அன்று முழுக்கத் தண்ணீரே இறங்கவில்லை. கட்டில் மாற்றினார்கள், காகிதம் பழைய சுவரிலேயே நின்றுவிட்டது. தெரபிஸ்டிடம் சொன்னபோது எதுவும் பேசாமல் புதிதாக எழுதித் தண்ணீர்க் குடத்தின் கழுத்திலேயே கட்டிவிட்டுப் போனார். நர்ஸ்களைக் குறை சொல்ல மனமில்லை, ஒருவர் எத்தனை கட்டில்களைப் பார்க்கிறார் என்பதை நான் கண்ணால் கண்டவன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தெரபிஸ்ட் வராத நாளில் அந்தச் சேவை என்ற ஒன்றே இல்லாததுபோல் இருக்கும்.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதைக் கேட்டாலும் 'அது அது' என்ற ஒரே சொல்தான் அப்பாவிடம் இருந்தது. 1861-இல் ப்ரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளியும் 'டான்' என்று மட்டும்தான் சொல்வாராம். மூன்றாவது வாரம் தெரபிஸ்ட், "அப்பா, என்கூடச் சேர்ந்து எண்ணுங்க. ஒன்று, இரண்டு..." என்று ஆரம்பித்து, நாலில் நிறுத்திக்கொண்டார். அப்பா தானாக ஐந்து, ஆறு, ஏழு என்று போனார். போய்விட்டு, தன் குரல் கேட்டுத் தானே திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. அவர் சொல்ல வருவதை நாங்கள் முந்திக்கொண்டு சொல்லாமல், மனசுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்ததும் தெரபிஸ்ட்தான். இப்போது அப்பா சின்னச் சின்ன வாக்கியம் பேசுகிறார், சாதாத் தண்ணீர் குடிக்கிறார்.

அந்த வார்டில் கிடைத்த சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்றால் இன்றைக்கு இரண்டுதான் தருவேன். அந்த டம்ளர் இரவு இன்னும் எனக்கு ஆறவில்லை. நண்பரிடம் அவசியம் சேருங்கள் என்றேன், முதல் நாளே கேட்டு வாங்குங்கள் என்றேன். அப்புறம் அம்மாவின் தலையணைக்கு அருகே 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று இருக்கட்டும், இரவில் தண்ணீர் யார் கொடுத்தாலும் முதலில் நீங்கள் அளந்து பாருங்கள்.