பாதியில் நின்ற மயிலுக்கு மணி தந்த கடை

பாசிமணித் தையலில் ஈடுபட்டவர்கள் ஒரு மணிக்கடையை மதிப்பிடும்போது பெரும்பாலும் அங்கே எத்தனை நிறங்கள் இருக்கின்றன, என்ன விலை என்றே கேட்கிறார்கள். இருபது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவரும் எனக்கு முதல் கேள்வி வேறு. வீட்டில் ஏதோ ஒன்று நேர்ந்து பாதியில் மூட்டை கட்டி வைத்த துணியை ஒன்றரை ஆண்டு கழித்து எடுத்துச் சென்றால், விட்ட இடத்திலிருந்து தொடர அந்தக் கடை கைகொடுக்குமா? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எனக்குத் தெரிந்து அப்படிக் கைகொடுக்கும் கடை ஒன்றுதான். அதைப் பற்றியே எழுதுகிறேன்.

விக்டோரியா தெருச் சந்தைக்கும் இம்மானுவேல் பேராலயத்துக்கும் அருகில், பெரியவர்கள் இன்னும் குயின் தெரு என்றே சொல்லுகிற டெனிஸ் ஹர்லி தெருவை ஒட்டிய ஒரு சந்தில், முதல் மாடியில் இருக்கிறது அந்தக் கடை. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போய்விட்டதால் வாடிக்கையாளர்கள் எல்லோரும் அதை ‘மாடி மணிக்கடை’ என்றுதான் குறிப்பிடுகிறோம். நகருக்கு வடக்கே நான் வசிக்கும் டொங்காட்டிலிருந்து மினிபஸ் டாக்சியில் வந்து வார்விக் பக்கம் இறங்கி நடந்து போவேன். படி ஏறியதும் சுவர் முழுக்க ஊறுகாய் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். முன்பக்கம் ஜூலு இனப் பெண்கள் சரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருப்பார்கள். பின்பக்கம் புடைவைக்கும் ரவிக்கைக்கும் வேண்டிய சமிக்கி, குழல்மணி, ஜரிகைக் கம்பி, ஆரி ஊசி ஆகியவை இருக்கும்.

கடையை நடத்தும் அம்மையாருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களின் வழியில் பிறந்தவர். அவருடைய தமிழ் சமையலறைச் சொற்களோடும் சாமிப் பாட்டுகளோடும் முடிந்துவிடும் என்றாலும் வாடிக்கையாளரை ‘கண்ணு’ என்று அழைக்கும்போது அது கலப்பில்லாத தமிழாக ஒலிக்கும். நான் அவரை அக்கா என்று அழைக்கிறேன். ஜூலுப் பெண்கள் ‘கோகோ’, அதாவது பாட்டி என்கிறார்கள். அவருக்குத் துணையாக இருக்கும் ஜூலுப் பெண்மணியை நாங்கள் எல்லோரும் ‘சிசி’ என்போம். அக்காள் தங்கை முறையில் அழைக்கிற சொல் அது.

ஒரே நிறத்தைத் தவறாமல் தரும் பழக்கம் இந்தக் கடைக்கு எப்படி வந்தது என்பதை சிசிதான் எனக்கு விளக்கினார். ஜூலு மொழியில் மணிகளுக்கு உபுஹ்லாலு என்று பெயர். அவர்களிடம் மணிமாலை அணிகலனாக இருப்பதோடு நிற்பதில்லை. பெண்கள் தாம் விரும்பியவருக்குக் கோத்துக் கொடுக்கும் மாலை ஒரு கடிதத்தைப் போலவே பொருள் சொல்லும். வெள்ளையும் சிவப்பும் நீலமும் எதற்குப் பக்கத்தில் எது வருகிறது என்பதைப் பொறுத்தும், வட்டாரத்தைப் பொறுத்தும் அந்தப் பொருள் மாறும். நிறம் சற்றே பிசகினாலும் சொல்ல வந்த செய்தி பிசகிவிடுகிற வாடிக்கையாளர்களுக்கு விற்றுப் பழகிய கடை இது. அதனால் புதிய சரக்கு வரும்போதெல்லாம் அதிலிருந்து ஐந்து மணிகளை எடுத்து, வெள்ளைத் துணி அட்டையில் தைத்து, மாதத்தையும் ஆண்டையும் பென்சிலால் குறித்து வைப்பது இங்கே வழக்கம். அப்படிப்பட்ட அட்டைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. வேறு எந்தக் கடையிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காகச் சரக்கைப் பற்றிச் சில விவரங்கள் சொல்ல வேண்டும். பாசிமணியின் அளவு எண் கூடக்கூட மணி சிறியதாகும். 11ஆம் எண் மணி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், 8ஆம் எண் 3 மில்லிமீட்டர், 15ஆம் எண் ஒன்றரை மில்லிமீட்டர். துணியில் தைக்க 11ஆம் எண்தான் உகந்தது. இந்தக் கடையில் பெரும்பகுதி செக் நாட்டில் யாப்லோனெட்ஸ் வட்டாரத்தில் செய்யப்படும் மணிகள். அவை சரங்களாகவே வரும், ஓரம் உருண்டு லேசாகத் தட்டையாக இருக்கும். ஹிரோஷிமா மாகாணத்தில் உருவாகும் மியூக்கி, டோஹோ ஆகிய ஜப்பானிய மணிகள் ஒன்றுக்கொன்று அச்சாக இருக்கும், துளையும் பெரியது, விலையும் அதிகம். தறியில் நெய்வதற்கு ஜப்பானிய மணிகளே வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் வளைந்து நெளிந்து போகும் இறகுக்கும் கொடிக்கும் செக் மணியின் சின்னஞ்சிறு வேறுபாடுகள்தான் உயிர் தருகின்றன என்பது என் கருத்து. மூலையில் மலிவான கலவை மணிப் பொட்டலங்களும் தொங்குகின்றன. அவற்றில் பத்துக்கு இரண்டு துளையடைத்தவை. குழந்தைகளுக்குக் கோக்கப் பழக்க மட்டும் வாங்கலாம்.

இனி என் மயிலுக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டு தைப்பூசம் முடிந்த கையோடு, அடுத்த காவடிக்கு வைப்பதற்காகப் பச்சை வெல்வெட்டில் ஒரு மயிலைத் தைக்கத் தொடங்கினேன். என் பிறந்த வீடு புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரியாங்குப்பம். பழங்காலத்தில் கண்ணாடி மணி செய்த அரிக்கமேடு எங்கள் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்ததும் மண்ணில் மணி பொறுக்கிய கதையை அம்மா அடிக்கடி சொல்வார். இந்த நாட்டின் வடக்கே லிம்போபோ ஆற்றை ஒட்டிய மாப்புங்குப்வேயில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்களும் இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் வழியாக வந்த கண்ணாடி மணிகளை அணிந்திருந்தார்கள் என்று தெரிந்தபோது, அம்மாவிடம் கற்ற கைவேலையோடு நான் வந்து சேர்ந்த நாடு எனக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லை.

மயிலின் கழுத்து நீலம் முழுவதும் பின்தையலில் வரவேண்டும். நான்கு மணிகளை ஊசியில் எடுத்து, கோட்டின் மேல் படுக்க வைத்து, நான்காவது மணி முடியும் இடத்தில் ஊசியை இறக்கி, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே மேலே கொண்டுவந்து, மூன்றாவது நான்காவது மணிகளின் துளை வழியே மறுபடியும் ஓட்டிவிட்டு அடுத்த நான்கை எடுக்க வேண்டும். ஓர் அங்குல வரிசைக்குச் சுமார் 18 மணிகள் பிடிக்கும். கழுத்தில் பாதி ஏறியிருந்தபோது, 2020 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. மே மாதம் அரியாங்குப்பத்தில் அம்மா காலமானார். விமானம் இல்லை, தொலைபேசித் திரையில்தான் அவரை வழியனுப்பினேன். அதன் பிறகு மயிலைச் சட்டத்தோடு பழைய போர்வையில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டேன். ஊசியைத் தொட்டால் அம்மாவின் விரல்கள்தாம் நினைவுக்கு வந்தன.

அதை மறுபடி இறக்கியது 2021 ஆகஸ்டில். ஜூலைக் கலவரத்தில் எங்கள் பகுதியில் கடைகள் சூறையாடப்பட்டு, ரொட்டிக்கு மணிக்கணக்காக வரிசையில் நின்று, இரவெல்லாம் தெருமுனையில் ஆண்கள் காவல் இருந்த அந்த நாள்களில், உறக்கம் வராத கைகளுக்கு ஏதாவது வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. ஆனால் நீலம் தீர்ந்துபோயிருந்தது. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் படத்தைப் பார்த்து வாங்கினேன். வந்த மணி பார்வைக்கு அதே நீலந்தான். ஈரத்துணியில் வைத்துத் தேய்த்ததும் துணியில் நீலம் இறங்கி, மணி சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டது. மேல்சாயம் பூசிய மணிகளில் இந்தக் கோளாறு உண்டு. கண்ணாடியே நிறம் கொண்ட மணியில் இது நேராது.

எனவே துணியையே சுருட்டி எடுத்துக்கொண்டு மாடி மணிக்கடைக்குப் போனேன். அக்கா அதை மேசைமேல் விரித்தார். எதுவும் விசாரிக்காமல் கழுத்தை விரல் நுனியால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அட்டைக்கட்டைப் பிரித்தார். 2019 பிப்ரவரி என்று குறித்த அட்டையை மயிலின் கழுத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். அந்தச் சரக்கில் அடித்தட்டில் கிடந்த ஒரு பாட்டிலில் முக்கால் கரண்டி மணிதான் மிச்சம். புதிய சரக்கின் நீலம் இம்மியளவு பச்சை கலந்தது. ஒரேயடியாக மாற்றினால் கழுத்தில் கோடு விழுந்ததுபோல் தெரியும் என்றும், முதல் வரிசையில் நான்கு பழையதற்கு ஒரு புதியது, அடுத்ததில் மூன்றுக்கு இரண்டு, அதற்கடுத்ததில் இரண்டுக்கு மூன்று என்று கலந்துகொண்டே போக வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, ‘மெதுவா, மெதுவா, கண்ணு’ என்று தமிழில் முடித்தார். பழைய மணிக்குப் பணம் வாங்கவில்லை. இன்று அந்தக் கழுத்தைப் பார்ப்பவர்கள், மேலிருந்து கீழே நிறம் மாறுவது மயிலுக்கே உரிய அழகு என்று நினைக்கிறார்கள். எந்த வரிசையில் மாறுகிறது என்பது எனக்குத் தெரியும். அந்த இடைவெளியில்தான் அம்மா இல்லாமல் போனார்.

மின்வெட்டுக் காலத்தில் தைப்பவர்களுக்கும் அக்காவின் யோசனை ஒன்று பயன்படும். சார்ஜ் விளக்கின் வெளிச்சத்தில் நீலமும் ஊதாவும் ஒன்றுபோலத் தெரியும். ஆகவே நிறம் தேர்வதையும் ஓரம் கட்டுவதையும் பகலில் முடித்து, அன்றிரவு நிரப்ப வேண்டிய ஒரே நிறத்தை மட்டும் தட்டில் கொட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேர இருட்டில் இரண்டு இறகுக்கண்களை நான் இப்படி முடித்திருக்கிறேன்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, குழாயில் தண்ணீர் வராமல் மாதக்கணக்கில் லாரிக்காகக் காத்துக்கிடந்தோம். எங்கள் வீட்டில் கூரை ஒழுகி, வெல்வெட்டின் ஒரு மூலை பூஞ்சை பிடித்துவிட்டது. பருத்தி நூலில் தைத்திருந்த மூன்று இறகுகளின் நூல் இற்றுப்போயிற்று. மெழுகு தடவிய நைலான் நூலில் தைத்த பகுதி அசையவில்லை. மேல்பக்கம் கத்தரிக்காமல் பின்பக்கமாக நூலை அறுத்து, துணியை வெள்ளைத் தட்டின்மேல் கவிழ்த்துத் தட்டினால் மணிகள் சேதமில்லாமல் உதிரும் என்பதை சிசி கடையிலேயே செய்து காட்டினார். உதிர்ந்தவற்றைச் சோப்புநீரில் அலசி மீண்டும் பயன்படுத்தினேன். அந்தச் சமயம் என் கணவருக்கு வேலை போயிருந்தது. புதிதாக வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. இந்தக் கடையில் கரண்டிக் கணக்கில் வாங்கலாம் என்பது அப்போதுதான் எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று புரிந்தது. மற்ற இடங்களில் முழுப் பொட்டலமாகத்தான் தருவார்கள். இங்கே 20 ராண்டோடு போனாலும் அரைக் கரண்டி அளந்து மடித்துத் தருவார்கள், முகம் மாறாது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். படி செங்குத்தானது, கைப்பிடி ஆடுகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் துணைக்கு ஆளோடு போகவும். மின்சாரம் இல்லாத நேரத்தில் வங்கி அட்டை இயந்திரம் வேலை செய்யாது. 12ஆம் எண் மணி ஊசி பல சமயம் இருப்பதில்லை. 10ஆம் எண்ணைக் கொடுத்துச் சமாளிக்கச் சொல்கிறார்கள், ஆனால் 15ஆம் எண் மணியில் அது எளிதில் நுழையாது. முக்கியமான மனக்குறை ஒன்று: துளைக்குள் வெள்ளிப்பூச்சு உள்ள மணிகளை நான் மயிலின் கொண்டைக்கு வாங்கியபோது, வியர்வையும் ஈரமும் பட்டால் அந்தப் பூச்சு கறுக்கும் என்று யாரும் எச்சரிக்கவில்லை. காவடித் துணி வியர்வை படாமல் இருக்குமா? எட்டு மாதத்தில் கொண்டை மங்கிவிட்டது. பிறகு அக்காவிடம் சொன்னபோது, மறுத்துப் பேசாமல் அந்த பாட்டில்மேல் ‘சுவரில் மாட்ட மட்டும்’ என்று அன்றே எழுதி ஒட்டினார். கொண்டையை மஞ்சள் கண்ணாடி மணியில் மறுபடி தைத்தேன்.

மயில் 2024 தைப்பூசத்துக்குக் காவடியில் ஏறியது. ஐந்து ஆண்டுகள் ஆயிற்று.

கடைக்குப் போகிறவர்கள் காலையில் பத்து மணிக்குள் போய்விடுங்கள். சன்னல் வெளிச்சம் அப்போதுதான் நன்றாக இருக்கும். தைக்கப்போகும் துணியில் ஒரு துண்டைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள், ஏனென்றால் ஒளி புகும் கண்ணாடி மணி தன் அடியில் இருக்கும் நிறத்தை உள்வாங்கிக்கொள்ளும்; பாட்டிலில் பார்த்த நிறம் துணியில் வராது. சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் மிஞ்சிய மணிகளைத் தூக்கி எறியாமல் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள். போன வாரம் என் மயிலில் மிஞ்சிய அரைக் கரண்டி நீலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதை அடித்தட்டு பாட்டிலில் கொட்டி, அட்டையில் 2019 பிப்ரவரி என்ற வரிக்குக் கீழே ‘கொஞ்சம் இருக்கிறது’ என்று பென்சிலால் எழுதி வைத்தார்.