ஒரே சாக்கெட் நிரல், இரண்டு இயங்குதளங்கள்: நேரடியாக எழுதுவதா, லிப்யூவியா?

திருவொற்றியூர்ப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டு. அங்கே எடைமேடை அறையின் விண்டோஸ் கணினியிலிருந்து அலுவலகத்தின் லினக்ஸ் சர்வருக்கு எடை விவரம் அனுப்பும் நிரலை எழுத எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. சாக்கெட் (பிணைய இணைப்பின் முனை) அழைப்புகளை நேரடியாக எழுதி, மாறுபடும் இடங்களை இஃப்டெஃப் (எந்தத் தளத்துக்கு எந்த வரி என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு) போட்டுப் பிரிக்கலாம், அல்லது ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸுக்காக உருவான, தள வேறுபாடுகளைத் தானே கவனிக்கும் லிப்யூவி நூலகத்தின் மேல் கட்டலாம். நான் லிப்யூவியை எடுத்தேன்.

விண்டோஸில் சாக்கெட் வசதியைத் தொடங்க முதலில் டபிள்யூஎஸ்ஏஸ்டார்ட்டப் வேண்டும், சாக்கெட்டை மூட லினக்ஸில் குளோஸ் இருக்கும் இடத்தில் குளோஸ்சாக்கெட் வேண்டும் என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. இரண்டு மேக்ரோவில் (நிரலில் வைக்கும் மாற்றுப் பெயர்) முடிந்துவிடும்.

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பெயர் மாறினால் கம்பைலரே காட்டிக்கொடுத்துவிடும். பெயர் அதுவாகவே இருந்து நடத்தை மட்டும் மாறினால், கோளாறு யார்டில்தான் வெளிப்படும். நான்-பிளாக்கிங் கனெக்ட் (முடிவுக்குக் காத்து நிற்காமல் இணைக்கும் முயற்சி) மறுக்கப்பட்டால், லினக்ஸில் செலக்ட் (எந்தச் சாக்கெட் தயார் என்று மூன்று பட்டியல்களில் சொல்லும் அழைப்பு) அந்தச் சாக்கெட்டை எழுதும் பட்டியலில் தருகிறது. எஸ்ஓ_எரர் என்ற பிழை அமைப்பைக் கேட்டால் காரணம் கிடைக்கும். விண்டோஸிலோ அதே தோல்வி மூன்றாவதான எக்செப்ட் பட்டியலில் வருகிறது. அந்தப் பட்டியலே வேண்டாம் என்று அங்கே நல் (வெற்று மதிப்பு) கொடுத்திருந்தால், சர்வர் நின்றுபோன நாளில் திரை ‘இணைகிறது’ என்றே காட்டிக்கொண்டிருக்கும், வெளியே டிரெய்லர்கள் வரிசை கட்டும். தரவுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் எஸ்ஓ_ஆர்சிவிடைமோ இன்னும் மோசம்: லினக்ஸ் டைம்வேல் (விநாடி, மைக்ரோவிநாடி என்ற இரண்டு எண்கள்) கேட்கிறது, விண்டோஸ் மில்லிவிநாடியில் ஓர் எண்ணைக் கேட்கிறது. 5 விநாடி என்று நிரப்பிய டைம்வேலை அப்படியே விண்டோஸுக்குக் கொடுத்தால், அதன் முதல் எண்ணை மட்டும் படித்து, 5 மில்லிவிநாடி என்று எடுத்துக்கொள்ளும். முகவரியை மறுபடி பயன்படுத்த அனுமதிக்கும் எஸ்ஓ_ரீயூஸ்ஏடிடிஆர், லினக்ஸில் டைம்_வெயிட்டை (மூடிய இணைப்பு சிறிது நேரம் நீடிக்கும் நிலை) தாண்டி சர்வரை மறுபடி தொடங்க உதவுகிறது. விண்டோஸில் அதே அமைப்பு, ஓடிக்கொண்டிருக்கும் போர்ட்டிலேயே இன்னொரு நிரலும் உட்கார வழிவிடுகிறது.

இத்தனையையும் நினைவில் வைத்திருப்பவர் வேலை மாறினால் யார் பார்ப்பது? லிப்யூவியில் கனெக்ட் தோற்றால், இரண்டு தளத்திலும் அதே கால்பேக்கில் (வேலை முடிந்ததும் நூலகம் கூப்பிடும் நம் செயற்கூறு) அதே யூவி_ஈகான்ரெஃப்யூஸ்ட் (இணைப்பு மறுக்கப்பட்டது) வரும். உள்ளே இணைப்புகளைக் கவனிப்பது லினக்ஸில் ஈபோல், விண்டோஸில் ஐஓசிபி. அந்தக் கவலை நமக்கில்லை.

விலையும் உண்டு. வரிசையாகப் படிக்க முடிந்த நிரல் கால்பேக்குகளாகச் சிதறுவதால் டீபக்கரில் (பிழை தேடும் கருவி) பின்தொடர்வது சிரமம். எங்களுடையது சில இணைப்புகளே உள்ள அமைப்பு என்பதால், பெரிய சுமையில் எது வேகம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. லினக்ஸில் மட்டுமே ஓடும் சின்னக் கருவி என்றால் நேரடி சாக்கெட்டே போதும். லிப்யூவியை எடுத்தாலும், லினக்ஸ் பக்கத்தில் சிக்பைப் என்ற இயங்குதள எச்சரிக்கையைப் புறக்கணிக்கும் வரியை நாமே எழுத வேண்டும். இல்லையேல், எதிர்முனை மூடிய இணைப்பில் எழுதும்போது நிரல் மொத்தமாக விழுந்துவிடும்.