எல்லாம் முன்கால் ஊன்றும் நொடியில்: டெல்டா வேகப்பந்து வீச்சாளருக்கு எது சரி, எது தப்பு?

சம்பா அறுவடை முடிந்ததும், உளுந்து தெளிக்காமல் விட்ட தரிசிலும் ஊர்த் திடலிலும் ஸ்டம்ப் ஊன்றிவிடுவார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்தப் பக்கம் போனாலும் வேகப்பந்து வீசும் பையன்களின் கேள்விகள் அநேகமாக ஒன்றுதான். பக்கவாட்டில் திரும்பி வீசுவதா, நெஞ்சைக் காட்டி வீசுவதா? ஆற்று மணலில் ஓடுவதா, ஜிம்முக்குப் போவதா? டென்னிஸ் பாலோடு இருப்பதா, லெதருக்கு மாறுவதா?

இவை எல்லாவற்றையும் அளக்க ஒரே கோல் போதும். வேகமாக வீசும்போது முன்கால் தரையில் ஊன்றும் நொடியில், உடல் எடையைப் போல 5 மடங்கு, சிலருக்கு 7 மடங்கு வரை விசை அந்தக் காலில் இறங்குகிறது. 65 கிலோ ஆளுக்கு அது 325 கிலோவுக்கு மேல். அந்த நொடியில் இடுப்பும் தோளும் ஒரே திசையில் இருந்தால் விசை பந்துக்குப் போகும். முறுக்கிக்கொண்டு நின்றால் கீழ்முதுகுக்குப் போகும். எது உடலை நேராக வைக்கிறதோ அதுதான் சரியான தேர்வு.

பக்கவாட்டு ஆக்‌ஷனும் நேர்முக ஆக்‌ஷனும்

வலக்கை வீச்சாளரை வைத்துச் சொல்கிறோம். இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

பக்கவாட்டு ஆக்‌ஷனில் பின்கால் பாதம் கிரீஸ் கோட்டுக்கு (பந்து வீசும் இடத்தில் போட்டிருக்கும் கோடு) இணையாக விழும். இடது தோள் பேட்ஸ்மேனைப் பார்க்கும். உயர்த்திய இடக்கைக்கு வெளிப்பக்கமாக எட்டிப் பார்த்து வீசுவோம். கபில் தேவ் இந்த வகை. அவுட்ஸ்விங் (வலக்கை பேட்ஸ்மேனை விட்டு வெளியே வளைவது) இயல்பாக வரும். நேர்முக ஆக்‌ஷனில் பின்கால் விரல்கள் பேட்ஸ்மேனை நோக்கும், நெஞ்சு திறந்திருக்கும், பார்வை இடக்கைக்கு உள்பக்கமாகப் போகும். வெஸ்ட் இண்டீஸின் மால்கம் மார்ஷல் இந்த வகை. பெரும்பாலோருக்கு இதில் இன்ஸ்விங் (உள்ளே வளைவது) எளிது. ரன்-அப்பின் (வீசுவதற்கு முன் ஓடிவரும் ஓட்டம்) வேகமும் அதிகம் சிதறாமல் பந்துக்கு வரும்.

இரண்டில் எது மேல் என்ற வாதத்துக்கே அர்த்தமில்லை. இரண்டுமே பாதுகாப்பானவை. ஆபத்து மூன்றாவதில் இருக்கிறது: கால் ஒரு திசை, தோள் ஒரு திசை என்று இருக்கும் கலப்பு ஆக்‌ஷன். பின்கால் நேராக விழுகிறது, ஆனால் "சைடு-ஆனா போடு" என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தோளை மட்டும் பின்னுக்கு இழுக்கிறார்கள். அடுத்த நொடியில் அதே தோள் முன்னுக்குச் சுழல வேண்டும். அப்போது இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டு ஒரே நேரத்தில் பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கவும் படுகிறது. கீழ்முதுகின் கடைசி எலும்புகளில், பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், விரிசல் விழுவது இப்படித்தான். வளரும் வயதில் அந்த எலும்பு இன்னும் முற்றியிருக்காது. பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

நம் திடல்களில் கலப்பு ஆக்‌ஷன் அதிகம் தென்பட ஒரு காரணம் இடம். பத்துப் பதினைந்து தப்படி ஓடினாலே பின்னால் வரப்பு. ஓட்டத்தில் கிடைக்காத வேகத்தை முறுக்கில் எடுக்கப் பார்க்கிறார்கள். ரன்-அப் குறைவாக இருப்பது குற்றமில்லை. எட்டுத் தப்படி நேராக ஓடி, தாவும்போது பக்கத்தில் விலகாமல் இறங்கினால் முறுக்கு தேவைப்படாது. ரன்-அப்பை அளக்க, கிரீஸிலிருந்து எதிர்த்திசையில் ஓடிப்போய்ப் பந்தை விடுங்கள். முன்கால் எங்கே ஊன்றியது என்று நண்பர் குறிக்கட்டும். ஐந்தாறு தடவை ஓடி, குறிகள் அதிகம் குவியும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கலப்பு இருக்கிறதா என்று பார்க்கச் செல்போன் போதும். ஸ்லோ மோஷனில் முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று எடுங்கள். பின்கால் ஊன்றும் காட்சியை நிறுத்தித் தோள்கோட்டைப் பாருங்கள். பிறகு முன்கால் ஊன்றும் வரை நகர்த்துங்கள். இடையில் தோள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி, சுமார் 30 டிகிரிக்கு மேல், பின்னோக்கித் திரும்பினால் அது கலப்பு. சரிசெய்யும்போது பாதத்தை மாற்றப் போராடாதீர்கள். பாதம் இயல்பாக எப்படி விழுகிறதோ அதற்குத் தோளைப் பொருத்துங்கள். பாதம் நேராக விழுந்தால், இடக்கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோகாமல் நேராக பேட்ஸ்மேனை நோக்கி நீட்டி, நேராகவே கீழே இழுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் மூன்று தப்படி நடந்து வீசுவது, அடுத்த இரண்டு வாரம் பாதி ரன்-அப், அதன் பிறகே முழு ஓட்டம். அவசரப்பட்டால் மேட்சில் பழைய ஆக்‌ஷனே திரும்பி வரும்.

முன் முழங்காலை மடக்காமல் ஊன்றினால் வேகம் கூடும் என்பது உண்மை. ஆனால் அதிர்ச்சியும் கூடும். அந்தக் காலுக்குப் பலம் இல்லாதவர்கள் அதைப் பழகுவதைத் தள்ளிப்போடலாம். பலம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி.

ஆற்று மணலும் ஜிம்மும்

கொள்ளிடத்து மணலில் ஓடுவது நம் பகுதியின் பழைய பயிற்சி. அதன் பலன் நிஜமானது. கெட்டித் தரையை விட மணலில் ஓட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகிறது, ஆனால் மூட்டுக்கு அடி குறைவு. கெண்டைக்கால், கணுக்கால் இரண்டும் உறுதிப்படும். கோடையில் களிமண் தரிசு பாளம் பாளமாக வெடிக்கும்போது கணுக்கால் பிசகாமல் காப்பது இந்த உறுதிதான். (வெடிப்பில் காலை விடுவதை விட, கிரீஸைச் சுற்றி ஈரமண் போட்டு மிதித்து மூடிவிட்டு ஆடுவது இன்னும் நல்லது.)

மணலால் முடியாததும் உண்டு. கால் புதைகிற தரையில், கெட்டித் தரையைச் சட்டென்று உதைத்து நிற்கும் பழக்கம் வராது. முன்காலுக்கு வேண்டியது அதுவே. பின்தொடை, இடுப்பு, வயிற்றுப் பக்கத் தசை ஆகியவற்றின் பலத்துக்கு எடை தேவை. ஆகவே மணல் வாரம் ஒருமுறை, எடைப்பயிற்சி வாரம் இருமுறை என்பதே எங்கள் தீர்ப்பு.

ஜிம் இல்லாத ஊரில் 25 கிலோ அரிசிச் சிப்பமே எடை. அதை நெஞ்சோடு அணைத்து, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் வைத்து உட்கார்ந்து எழுவது காலுக்கு 8 வீதம் மூன்று சுற்று. கையில் ஐந்து கிலோ பையுடன் ஒற்றைக் காலில் நின்று, முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது அதே கணக்கு. ஒரு பக்கமாக முழங்கையில் ஊன்றி உடலைப் பலகை போல நிறுத்துவது பக்கத்துக்கு 30 விநாடி, மூன்று முறை. படித்துறைப் படியில் குதிகாலைத் தொங்கவிட்டு ஏறி இறங்குவது 15 வீதம் மூன்று சுற்று. ஜிம்முக்குப் போகிறவர்களில் பலர் நெஞ்சையும் புஜத்தையும் மட்டும் வளர்த்துக்கொண்டு வருகிறார்கள். பந்துவீச்சுக்கு அதனால் கிடைப்பது மிகக் குறைவு.

நெல் மூட்டை ஏற்றும் வேலையிலோ கட்டட வேலையிலோ இருப்பவர்கள் அந்த நாளின் பாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பகலெல்லாம் மூட்டை தூக்கிய உடம்புக்கு மாலையில் மறுபடி எடை வேண்டாம். பக்கப் பலகைப் பயிற்சி மட்டும் செய்துவிட்டுத் தூங்கலாம்.

வாய்க்கால் கரையில் ஐந்து கிலோமீட்டர் மெல்லோட்டம் மூச்சுக்கு நல்லதுதான். ஆனால் ஓர் ஓவர் என்பது ஆறு குறு ஓட்டம், இடையில் நடை. அதையே பழகுங்கள்: 20 மீட்டர் வேக ஓட்டம், நடந்து திரும்புதல், இப்படி ஆறு, மூன்று நிமிட ஓய்வு, மொத்தம் நான்கு சுற்று.

டென்னிஸ் பாலும் லெதர் பாலும்

லெதர் பால் 155.9 முதல் 163 கிராம். சாதாரண டென்னிஸ் பால் 60 கிராமுக்குக் கீழே. இந்த வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றுகிறது. லேசான பந்துக்கு வேகம் ஏற்ற, உடலை விட்டுவிட்டு முழங்கையை மடக்கி உதறும் பழக்கம் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். முழங்கை நிமிர்வதற்கு சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) 2005 முதல் அனுமதிப்பது 15 டிகிரி. டென்னிஸ் பாலில் யாரும் கேட்பதில்லை. லீக் மேட்சில் அம்பயர் கேட்பார்.

அதற்காக டென்னிஸ் பாலைத் தாழ்த்துவதும் நியாயமில்லை. பந்து தாழ்வாக வரும் தரையில் யார்க்கரும் (பேட்ஸ்மேனின் காலடியில் விழும் பந்து) மெதுபந்தும் போடாமல் பிழைக்க முடியாது. அந்தத் துல்லியம் வேறெங்கும் இவ்வளவு சீக்கிரம் வராது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பால் ஆடி வளர்ந்த டி. நடராஜன், 2020 டிசம்பரில் இந்தியாவுக்கு ஆடினார். அதே நடராஜனின் ஆக்‌ஷன் 2015 ரஞ்சி அறிமுகத்துக்குப் பின் கேள்விக்குள்ளானது. அதைத் திருத்திக்கொண்டுதான் திரும்பி வந்தார்.

மாறுபவர்கள் கவனிக்க வேண்டியது லென்த், அதாவது பந்து குத்தும் தூரம். தென்னை நார் விரிப்பில் (மேட்டிங்) லெதர் பால் எழும்பும், கொஞ்சம் பிடிக்கும். டென்னிஸ் பாலில் காலடிக்குப் போட்டுப் பழகிய கை யார்க்கரைச் சற்றே தவறவிட்டால் அது அடிக்க வசதியான ஹாஃப்-வாலி. ஸ்டம்பிலிருந்து 6 முதல் 8 மீட்டர் தூரத்தில் ஒரு துண்டை விரித்து, ஆஃப் ஸ்டம்புக்கு நேராக அதில் குத்துங்கள். பந்தின் தையலை நிமிர்த்தி, இரண்டு விரலை அதன் இரு பக்கமும், கட்டைவிரலை அடியில் தையல்மேலும் வைக்க வேண்டும். உள்ளங்கையில் பந்து ஒட்டக் கூடாது. ஒரு பயிற்சிக்கு 36 பந்து என்றால் முதல் வாரம் 12 மட்டும் லெதர், பிறகு 18, 24 என்று ஏற்றி நான்காவது வாரம் முழுவதும். ஒரேயடியாக மாறினால் முதலில் வலிப்பது தோளின் முன்பக்கம்.

ஞாயிறு டோர்னமென்டும் வாரப் பயிற்சியும்

வாரம் முழுக்கப் பந்தைத் தொடாமல் ஞாயிறன்று ஒரே நாளில் நான்கு மேட்ச். மேட்சுக்கு இரண்டு ஓவர் என்றாலும் 8 ஓவர், 48 பந்து, அத்தனையும் முழு வேகம். உடல் உடைவது மொத்த எண்ணிக்கையால் என்பதை விடத் திடீர் ஏற்றத்தால்தான். செவ்வாய், வியாழன் மாலைகளில் 30 பந்து வீதம் போட்டுவிட்டு வருபவருக்கு அதே ஞாயிறு தாங்கும். டோர்னமென்ட் பருவத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கி, வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு ஏற்றினால் போதும்.

சிறுவர்களுக்கு வரம்பு இன்னும் கண்டிப்பாக வேண்டும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல ஆண்டுகள் வைத்திருந்த கணக்கு: 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு ஸ்பெல்லில் (இடைவெளி விடாமல் வீசும் தொடர்) 5 ஓவர், நாளுக்கு 10, 15 வயதுக்குட்பட்டவருக்கு 6, 12. காலையில் தன் வயதுக்காரர்களோடும், மாலையில் அண்ணன்களின் டீமிலும் ஒரே பையனைப் போட வைக்கும் கேப்டன்கள் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

வெயில் நாளில் கலர் பாட்டில் பானத்தை விட உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ மேல். வாந்தி, மயக்கம் போலிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து சிறுகச் சிறுகக் கொடுத்து நிழலில் உட்கார வையுங்கள். உளறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல், உடம்பில் தண்ணீர் ஊற்றியபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

கீழ்முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலி, வீசும்போது அதிகம், ஓய்வில் குறைவு, ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளைந்தால் சுருக்கென்று குத்துகிறது என்றால் அதைச் சுளுக்கு என்று வழிக்கக் கொடுக்காதீர்கள். பந்துவீச்சை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்ப விரிசல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படலாம். 1973-இல் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு முதுகெலும்பில் விரிசல்கள் விழுந்தன. மாதக்கணக்கில் வீசாமல் உடலைத் தேற்றி, ஆக்‌ஷனைத் திருத்தி, 1974 கடைசியில் இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் தொடருக்குத் திரும்பினார். 1987 முதல் சென்னையில் எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் பல தலைமுறைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். மருத்துவர் அனுமதித்த பிறகு முதல் வாரம் நின்ற இடத்திலிருந்து 12 பந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலி இல்லையென்றால் மூன்று தப்படி நடந்து 18 பந்து. அதன் பிறகே ஓட்டம். இடையில் வலி தலைகாட்டினால் முந்தைய வாரக் கணக்குக்குத் திரும்பி, மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.