இல்லினாய் யூனிவர்சிட்டி, அர்பானா-சாம்பெயின்: சேரப் போறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

ஒவ்வொரு வருஷமும் அட்மிட் வர்ற சீசன்ல யாராவது ஒரு தம்பியோ தங்கச்சியோ இதே கேள்வியோட வந்துருவாங்க, "அண்ணா, அமெரிக்காவுல இல்லினாய் யூனிவர்சிட்டி, அதான் யூ.ஐ.யூ.சி கெடச்சிருக்கு, ஆனா ஊரு மக்காச்சோளக் காட்டு நடுவுல இருக்காமே, போலாமா?" தாராளமா போங்க. ஆனா ரேங்க்க மட்டும் பாத்துப் போகாதீங்க, ஏன்னா அங்க இருக்குற பெரிய சொத்தே கிளாஸ்ரூமுக்கு வெளியதான் இருக்கு, எல்லாருக்கும் தொறந்தே கெடக்கு, நிறைய பேர் அத தொடாமலே டிகிரி வாங்கிட்டு கெளம்பிடறாங்க, அதான் மனசுக்கு கஷ்டமா இருக்கும்.

சோளக்காடுன்னு சொல்றது உண்மைதான், அதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. 1862ல லிங்கன் கையெழுத்து போட்ட மாரில் சட்டத்துனால மாநிலங்களுக்கு நிலம் கெடச்சுது, அத வித்து விவசாயமும் தொழில்நுட்பமும் சொல்லித்தர்ற காலேஜ் ஆரம்பிங்கன்னாங்க, அப்படி 1867ல வந்ததுதான் இது, அப்ப பேரே இல்லினாய் இண்டஸ்ட்ரியல் யூனிவர்சிட்டி. கேம்பஸ் நடுவுல மாரோ பிளாட்ஸ்னு ஒரு சின்ன வயல் இருக்கு, 1876ல இருந்து அதுல மண்ணு சம்பந்தமான சோதனை ஓடிட்டே இருக்கு, ஒரே நெலத்துல வருஷா வருஷம் மக்காச்சோளமே போட்டா என்ன ஆகும், மாத்தி மாத்திப் பயிர் போட்டா என்ன ஆகும்னு. அத ஒட்டி 1960கள்ல ஒரு லைப்ரரி கட்ட வேண்டி வந்தப்ப, பயிர் மேல நிழல் விழக்கூடாதுன்னு மொத்த கட்டடத்தையும் பூமிக்கு அடியில கட்டிட்டாங்க! அந்த லைப்ரரிய 2022ல மூடிட்டாங்க, அரிய புத்தகம், ஆவணம் எல்லாம் வைக்கிற இடமா மாத்துறதுக்காக, ஆனா வயல் அங்கயேதான் இருக்கு. ஜூலை மாசம் அந்தப் பக்கம் நடந்து போனீங்கன்னா ஒரு பாத்தியில பயிர் ஆள் ஒசரத்துக்கு மேல நிக்கும், பக்கத்து பாத்தியில வெளிறிப் போய் இடுப்பளவுக்கு நிக்கும், நூறு வருஷத்துக்கும் மேலான ஆராய்ச்சிய வேலிக்கு வெளிய நின்னே பாத்துரலாம்.

அடுத்து மெயின் லைப்ரரி. என்னைக் கேட்டா மொத்த யூனிவர்சிட்டியிலயும் முதல் மார்க் இதுக்குத்தான். ஒரு கோடியே நாப்பது லட்சத்துக்கும் மேல புத்தகம், அமெரிக்காவுல இருக்குற பப்ளிக் யூனிவர்சிட்டி லைப்ரரிகள்ல ரொம்பப் பெரிய ஒண்ணு. ஸ்டாக்ஸ், அதாவது புத்தக அடுக்குங்க இருக்குற பகுதி, உள்ள போனா கூரை தாழ்வா, நடக்குற வழி குறுகலா, அடுக்குக்கு மேல அடுக்கா போயிட்டே இருக்கும், நீங்க தேடிப் போன புத்தகத்துக்குப் பக்கத்துல இருக்குற நாலு புத்தகந்தான் பல தடவ தீசிஸ காப்பாத்தும். அங்க இல்லாத புத்தகத்தக்கூட வேற லைப்ரரியில இருந்து வரவழச்சு கையில குடுத்துருவாங்க. பழைய புத்தகம் சிலதோட பின் அட்டையில ஒட்டுன சீட்டுல திருப்பிக் குடுக்க வேண்டிய தேதி வரிசையா முத்திரை குத்தியிருக்கும், நமக்கு முன்னாடி எத்தன பேர் இதே பக்கத்தோட மல்லுக்கட்டியிருப்பாங்கன்னு தோணும். மாசத்துல ஒரு நாளாவது சும்மா உள்ள போய் சுத்திட்டு வாங்க.

ஆராய்ச்சின்னு எடுத்தா பெரிய பேருங்க வந்துட்டே இருக்கும். ஃபிசிக்ஸ்ல ரெண்டு நோபல் வாங்குன ஒரே ஆள் ஜான் பார்டீன், 1956ல டிரான்சிஸ்டருக்கு, 1972ல சூப்பர்கண்டக்டிவிட்டிக்கு, அந்த ரெண்டாவது வேலைய செஞ்சது இந்த கேம்பஸ்லதான். ஆர்கியான்னு தனி உயிர் வகை இருக்குன்னு 1977ல கார்ல் வூஸ் சொன்னதும் இங்க இருந்துதான். படமும் எழுத்தும் ஒரே பக்கத்துல காட்டி வெப்ப சாதாரண ஜனங்க கிட்ட கொண்டு போன மொசைக் பிரவுசர் 1993ல இங்க இருக்குற என்.சி.எஸ்.ஏன்ற சூப்பர்கம்ப்யூட்டர் சென்டர்ல வந்தது. 1960ல ஆரம்பிச்ச பிளேட்டோன்ற கம்ப்யூட்டர் வழி பாடம் நடத்துற சிஸ்டத்துக்காகத்தான் பிளாஸ்மா டிஸ்ப்ளேயவே கண்டுபிடிச்சாங்க. இதெல்லாம் பழைய பெருமைன்னு தள்ளிறாதீங்க, பி.எஸ் (இளநிலை டிகிரி) படிக்கிற பசங்களும் லேப்ல சேரலாம், ஆனா யாரும் கூப்ட்டு வேலை குடுக்க மாட்டாங்க, நாமதான் ப்ரொஃபசரோட பேப்பர் ஒண்ண ஒழுங்கா படிச்சுட்டு ரெண்டு பத்தியில மெயில் போடணும், பதில் வரலன்னா ரெண்டு வாரம் கழிச்சு திரும்பப் போடணும்.

ஏன் இத அழுத்திச் சொல்றேன்னா, கூட்டம் அப்படி. அம்பதாயிரத்துக்கும் மேல ஸ்டூடண்ட்ஸ். முதல் வருஷ ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, எகனாமிக்ஸ் லெக்சர்ல நூத்துக்கணக்குல உக்காந்திருப்பாங்க, டீ.ஏ (பாடம் நடத்த உதவுற சீனியர் ஸ்டூடண்ட்) நடத்துற டிஸ்கஷன் செக்‌ஷன்லதான் உங்க பேரே ஒருத்தருக்குத் தெரியும். கூச்ச சுபாவம் உள்ளவங்க ப்ரொஃபசர நேர்ல பாத்து சந்தேகம் கேக்குற ஆஃபீஸ் ஹவர்ஸ் போகாம விட்டா நாலு வருஷமும் யாரும் கவனிக்காமலே ஓடிரும். இன்னொண்ணு, வேற மேஜர்ல நுழஞ்சுட்டு அப்புறமா சிஎஸ்சுக்கு (கம்ப்யூட்டர் சயின்ஸ்) மாறிக்கலாம்னு கணக்கு போட்டு வராதீங்க, அது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஃபீஸும் வெளிநாட்டுப் பசங்களுக்கு மாநிலத்துக்காரங்க கட்டுறத விட ரெண்டு மடங்குக்கு மேல போயிரும், பி.எச்டின்னா டீ.ஏ வேலையோ ஆர்.ஏ (ஆராய்ச்சி உதவியாளர்) வேலையோ கெடச்சா படிப்பு ஃபீஸ் தள்ளுபடி ஆகும், எம்.எஸ்சுக்கு அத நம்பிக் கடன் வாங்கறதுக்கு முன்னாடி வீட்டுல உக்காந்து தெளிவா பேசிருங்க.

கேம்பஸ் லைஃப்? எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. மெயின் குவாடுன்னு நடுவுல பெரிய புல்வெளி, வடக்கால இல்லினி யூனியன், தெக்கால ஃபோலிங்கர் ஆடிட்டோரியம் குவிமாடத்தோட. ஆகஸ்ட் கடைசியில குவாட் டே அன்னைக்கு அந்தப் புல்வெளி முழுக்க கிளப்புங்க மேஜை போட்டு உக்காந்திருக்கும், ஆயிரத்துக்கும் மேல ஸ்டூடண்ட் அமைப்புகள் இருக்கு, வெக்கப்படாம ஒரு நாலு இடத்துல பேரு குடுங்க, அப்புறம் ஒண்ணு நெலச்சாப் போதும். ஐ-கார்டு (யூனிவர்சிட்டி ஐ.டி கார்டு) இருந்தா டவுன் பஸ் எல்லாமே ஃப்ரீ, 22 இல்லினி பஸ்ஸ தெரிஞ்சு வச்சுக்கிட்டா கார் இல்லாமலே வாழ்ந்துரலாம். ஏ.ஆர்.சி ஜிம் காசு நீங்க கட்டுற ஃபீஸ்லயே போகுது, அதனால போகாம இருக்காதீங்க. கிரானர்ட் சென்டர்ல ஸ்டூடண்ட் டிக்கெட்ல உலகத் தரமான கச்சேரி கேக்கலாம். வசந்த காலத்துல வர்ற இஞ்சினியரிங் ஓபன் ஹவுஸ் அன்னைக்கு ஊரு முழுக்க பள்ளிக்கூடப் புள்ளைங்க லேபுக்குள்ள ஓடி ஆடிட்டு இருக்கும், ஒரு மூணாங்கிளாஸ் புள்ளைக்கு நம்ம ஆராய்ச்சிய விளக்கிச் சொல்ற சந்தோஷம் எந்த கான்ஃபரன்ஸ்லயும் கெடைக்காது.

குளிர் பத்தி ஒளிக்காம சொல்றேன். மல மேடு எதுவும் இல்லாத சமவெளி, காத்துக்கு தடையே கெடையாது, ஜனவரியில மூக்கு நுனி மரத்துப் போயிரும், நல்ல கோட்டு பூட்ஸ் ரெண்டையும் அங்க போய் வாங்குங்க, இங்க இருந்து மெல்லிசா ஜாக்கெட் தூக்கிட்டுப் போகாதீங்க. தெக்கத்திக் காத்து அடிச்சா யூனிவர்சிட்டி பண்ணையோட மாட்டுத் தொழுவ வாசம் கேம்பஸ் வரைக்கும் வரும், கிராமத்துல வளந்தவங்களுக்கு அது பெருசா தெரியாது. சிகாகோ போக ரயில்ல மூணு மணி நேரம் பக்கம் ஆகும், வாரா வாரம் பெரிய சிட்டி வேணும்னு நெனைக்கிறவங்களுக்கு இந்த ஊரு சரிப்படாது.

வீட்டு விஷயத்துல மட்டும் அவசரப்படாதீங்க. அடுத்த ஆகஸ்ட்டுக்கான வீட்டுக்கு இந்த அக்டோபர்லயே லீஸ் போடச் சொல்லி நெருக்குவாங்க, பெரும்பாலும் பன்னெண்டு மாச லீஸ், கோடையில நீங்க இன்டர்ன்ஷிப் போனாலும் வாடக கட்டணும், சப்லீஸுக்கு, அதாவது அந்த மாசங்களுக்கு உங்க வீட்ட எடுத்துக்க, ஆள் புடிக்கிறதும் உங்க பாடு. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி லீஸ ஃப்ரீயா படிச்சுப் பாத்து எங்க மாட்டுவீங்கன்னு சொல்றதுக்கு யூனிவர்சிட்டியிலயே ஆள் இருக்காங்க, பேப்பர எடுத்துட்டு நேரா அவங்க கிட்ட போயிருங்க.